தொகுத்தவரின் அறிவியல்: மார்கரெட் டேஹாஃபும் புரதங்களின் எழுத்துகளும்

மனித இன்சுலினில் இரண்டு சங்கிலிகள் உண்டு. அவற்றில் சிறியதை உயிரியலாளர்கள் இப்படி எழுதுவார்கள்: ஜி ஐ வி ஈ க்யூ சி சி டி எஸ் ஐ சி எஸ் எல் ஒய் க்யூ எல் ஈ என் ஒய் சி என். மொத்தம் 21 எழுத்துகள். ஒவ்வோர் எழுத்தும் ஓர் அமினோ அமிலம். மாட்டின் இன்சுலினில் இதே சங்கிலியின் எட்டாம் இடத்தில் த்ரியோனினுக்குப் பதில் அலனின் இருக்கிறது. பத்தாம் இடத்தில் ஐசோலூசினுக்குப் பதில் வேலின். பன்றியின் சங்கிலியோ நம்முடையதேதான். பெரிய சங்கிலியின் கடைசி எழுத்தில் மட்டும் மாடும் பன்றியும் நம்மிடமிருந்து வேறுபடுகின்றன. ஆக, 51 எழுத்துகளில் மாட்டுக்கும் நமக்கும் மூன்று வேற்றுமை, பன்றிக்கும் நமக்கும் ஒன்று. 1922 தொடங்கி 1980கள் வரை உலகெங்கும் நீரிழிவு நோயாளிகள் மாட்டு இன்சுலினையும் பன்றி இன்சுலினையும் போட்டுக்கொண்டு உயிர் வாழ முடிந்ததற்கு இந்தச் சொற்ப வேற்றுமையே காரணம்.

இப்படி ஒரு புரதத்தை ஒற்றை எழுத்துகளில் எழுதுவது, இரண்டு உயிர்களின் புரதங்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது, எந்த வேற்றுமை அற்பமானது, எந்த வேற்றுமை பெரியது என்று எண்ணால் அளப்பது ஆகிய மூன்றும் இன்று எந்த உயிரியல் மாணவருக்கும் பழகிப்போன வேலைகள். மூன்றையும் வழக்கத்துக்குக் கொண்டுவந்ததில் முதன்மையான பங்கு மார்கரெட் ஓக்லி டேஹாஃப் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு உண்டு. மரபணு வரிசைத் தரவுத்தளங்களைப் பிற்காலத்தில் நிர்வகித்த டேவிட் லிப்மன் அவரை உயிர்த்தகவலியலின் தாயும் தந்தையும் என்றே சொன்னார். பட்டம் பொருத்தமானதுதான். ஆனால் பட்டத்தைவிட முக்கியமானது வேறொன்று. மற்றவர்கள் கண்டுபிடித்ததைச் சேகரித்து அடுக்குவது குமாஸ்தா வேலை என்று கருதப்பட்ட காலத்தில், அந்தச் சேகரிப்பிலிருந்தே புதிய கேள்விகளும் புதிய விடைகளும் பிறக்கும் என்று அவர் செய்து காட்டினார். அதற்காக அவருக்குக் கிடைத்த மதிப்பும் அவர் இழந்ததும் இன்றைய அறிவியலுக்கு நேரடியாகப் பொருந்துபவை.

அவர் 1925 மார்ச் 11 அன்று ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தார். பத்து வயதில் குடும்பம் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தது. 1945-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் பட்டம். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிம்பலின் வழிகாட்டுதலில் குவாண்டம் வேதியியல். வளையங்கள் பல கொண்ட கரிம மூலக்கூறுகளின் ஆற்றலைக் கணக்கிடுவதுதான் அவருடைய ஆய்வு. கையால் செய்தால் முடிவே இல்லாத கணக்கு அது. வணிக நிறுவனங்கள் வரவு செலவுக்குப் பயன்படுத்திவந்த துளையட்டை இயந்திரங்களை அவர் அந்த வேதியியல் கணக்குக்குத் திருப்பினார். 1948-ல் முனைவர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 23. கணிப்பொறி என்ற சொல்லே பலருக்கும் அறிமுகமாகாத ஆண்டு அது.

அதே ஆண்டில் இயற்பியலாளர் எட்வர்ட் டேஹாஃபைத் திருமணம் செய்துகொண்டார். ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் மூன்றாண்டு மின்வேதியியல் ஆய்வு. பிறகு மேரிலாந்துக்கு இடமாற்றம். இரண்டு பெண் குழந்தைகள். சில ஆண்டுகள் முழுநேர ஆய்வுக்கு இடைவெளி. அந்தத் தலைமுறைப் பெண் விஞ்ஞானிகளில் பலருக்கும் இந்த இடைவெளியே முற்றுப்புள்ளியாகிவிட்டது. டேஹாஃப் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் எல்லிஸ் லிப்பின்காட்டுடன் வேதிப் பிணைப்பு பற்றிய ஆய்வு வழியாகத் திரும்பிவந்தார். 1960 வாக்கில் ராபர்ட் லெட்லி தொடங்கிய தேசிய உயிர்மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையில் இணை இயக்குநராகச் சேர்ந்தார். லெட்லி பல் மருத்துவமும் இயற்பியலும் படித்தவர். மருத்துவர் நோயைக் கணிக்கும் முறையைக் கணிதத் தர்க்கமாக எழுத முடியும் என்று வாதிட்டவர். 1970களில் முழு உடல் சி.டி. ஸ்கேன் கருவியை உருவாக்கியவர். துறை எல்லையைப் பொருட்படுத்தாத அப்படிப்பட்ட இடத்தில்தான் டேஹாஃபின் வேலைக்கு இடம் கிடைத்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையோ உயிரியல் துறையோ அன்று அவருக்கு அப்படியொரு நாற்காலி போட்டிருக்குமா என்பது ஐயமே.

முதல் வேலை ஒரு குறுகிய, கடினமான சிக்கல். புரதத்தின் அமினோ அமில வரிசையை ஒரே மூச்சில் படித்துவிட முடியாது. ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும் எட்மன் முறை உண்டு; ஆனால் சில பத்து அமிலங்களைத் தாண்டியதும் குறிகள் மங்கிவிடும். ஆகவே புரதத்தை நொதிகளால் துண்டாக்க வேண்டும். ட்ரிப்சின், லைசினையும் அர்ஜினினையும் அடுத்து வெட்டும். கைமோட்ரிப்சின், வளையம் கொண்ட பெரிய அமிலங்களை அடுத்து வெட்டும். இரண்டும் வெவ்வேறு இடங்களில் வெட்டுவதால், ஒன்றின் துண்டுகள் மற்றொன்றின் துண்டுகளோடு ஓரங்களில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டுகளை வைத்து முழுச் சங்கிலியையும் ஊகிக்க வேண்டும். இன்சுலினின் 51 எழுத்துகளை இப்படிப் படித்து முடிக்க ஃபிரெடெரிக் சாங்கருக்கு ஏறத்தாழப் பத்தாண்டு பிடித்தது. 1958-ல் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது. நூற்றுக்கணக்கான எழுத்துகள் கொண்ட புரதங்களில் துண்டுகள் பெருகப் பெருக, சாத்தியமான பொருத்தங்களும் கட்டுக்கடங்காமல் பெருகும்.

டேஹாஃபும் லெட்லியும் இந்தத் துண்டு பொருத்தும் வேலையைச் செய்ய 'காம்ப்ரோட்டீன்' என்ற நிரலை எழுதினார்கள். மொழி ஃபோர்ட்ரான், பொறி ஐ.பி.எம். 7090. மனிதர் மாதக்கணக்கில் செய்யும் பொருத்தத்தைப் பொறி சில நிமிடங்களில் செய்தது. 1962-ல் அவர்கள் இதை வெளியிட்டது ஒரு கணிப்பொறி மாநாட்டின் தொகுதியில். உயிர்வேதியியலாளர்கள் வழக்கமாகப் புரட்டாத இடம் அது. இரண்டு துறைகளுக்கு நடுவே வேலை செய்பவருக்கு நேரும் முதல் தொல்லை இதுதான்: எழுதும் இடத்தில் படிக்க வேண்டியவர் இருப்பதில்லை. ஒன்றோடொன்று ஓரம் பொருந்தும் துண்டுகளிலிருந்து முழு வரிசையைக் கணிப்பொறி மீட்டெடுக்கும் என்ற அதே கருத்தின் மேல்தான் பிற்காலத்து மரபணுத்தொகுதித் திட்டங்கள் எழுந்தன.

அடுத்தது எழுத்துச் சிக்கல். அமினோ அமிலங்களை அன்று மூன்றெழுத்துச் சுருக்கத்தால் குறித்தார்கள். நடுவில் சிறுகோடு வேறு. நூறு அமிலங்கள் கொண்ட புரதத்துக்கு நானூறு குறிகள் வேண்டும். ஒரு துளையட்டையில் இருப்பதோ 80 நெடுவரிசைகள். ஒற்றை எழுத்தில் குறிக்கலாம் என்ற யோசனை அவருக்கு முன்பே சிலருக்கு வந்ததுதான். ஆனால் நூற்றுக்கணக்கான வரிசைகளை அன்றாடம் கையாண்டவர் அவர். அவரும் சக ஆய்வாளர் ரிச்சர்ட் எக்கும் பயன்படுத்திய முறை பரவியது. 1968-ல் சர்வதேச வேதியியல், உயிர்வேதியியல் பெயரீட்டுக் குழு ஒற்றை எழுத்துக் குறிகளை முறைப்படி ஏற்றது.

அந்தக் குறிகளின் ஏற்பாடு, மனிதர் மறக்காமல் இருக்க வேண்டும் என்ற அக்கறையோடு செய்யப்பட்டது. சிஸ்டீன், ஹிஸ்டிடின், ஐசோலூசின், மெதியோனின், செரின், வேலின் ஆகிய ஆறுக்கும் முதலெழுத்தில் போட்டியே இல்லை, அதையே கொடுத்தாயிற்று. அலனின், கிளைசின், லூசின், புரோலின், த்ரியோனின் ஆகியவற்றின் முதலெழுத்துக்கு வேறு அமிலங்களும் உரிமை கோரும். ஆனால் அதிகம் காணப்படுகிறவையோ அமைப்பில் எளியவையோ இவைதான் என்பதால் இவற்றுக்கே முன்னுரிமை. ஃபினைல்அலனினுக்கு ஒலியை வைத்து எஃப். அர்ஜினினுக்கு இரண்டாவது எழுத்தான ஆர். டிரிப்டோஃபானுக்கு அதன் இரட்டை வளையத்தை நினைவூட்டும் பருத்த எழுத்தான டபிள்யூ. மேலோட்டமாகப் பார்த்தால் அற்பமான ஏற்பாடு. ஆனால் புரதத்தை ஒரு சரமாக எழுத முடிந்த பிறகுதான், சரங்களைக் கையாளக் கணிப்பொறியியல் கண்டுபிடித்த ஒவ்வொரு உத்தியும் உயிரியலுக்குத் திறந்தது.

1965-ல் 'அட்லஸ்' வந்தது: புரதங்களின் வரிசையையும் அமைப்பையும் தொகுத்த நூல். ஆசிரியர்கள் டேஹாஃப், எக் உள்ளிட்ட நால்வர். அதுவரை உலகம் முழுவதும் வரிசை அறியப்பட்டிருந்த 65 புரதங்கள் அதில் இருந்தன. தொடர்ந்து புதிய பதிப்புகளும், 1970களில் இணைப்புத் தொகுதிகளும் வெளிவந்தன. ஒவ்வொரு வரிசையும் ஏதோ ஓர் ஆய்விதழின் ஏதோ ஒரு மூலையில், அந்தந்த ஆய்வாளர் விரும்பிய வடிவத்தில் கிடந்தது. அதைத் தேடிப் பிடித்து, ஒரே வடிவத்துக்கு மாற்றி, அட்டையில் துளையிட்டு, சரிபார்த்து, ஒரே புரதத்துக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு வரிசை சொன்னால் எதை ஏற்பது என்று முடிவெடுத்து அச்சுக்கு அனுப்ப வேண்டும். ஓர் எழுத்து விட்டுப்போனால் அதற்குப் பின்னுள்ள ஒப்பீடு முழுவதும் ஓரிடம் தள்ளிப்போகும்.

இதைச் சேகரிப்பு என்று சொல்லி நகர்ந்துவிடுகிறவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரு தனி வரிசை ஒரு புரதத்தைப் பற்றி மட்டுமே பேசும். பல வரிசைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போதுதான் வரலாறு பேசத் தொடங்கும். சுவாசத்துக்கு இன்றியமையாத சைட்டோகுரோம் சி என்ற புரதத்தை எடுத்துக்கொள்ளலாம். மனிதரில் அது 104 அமிலங்கள் கொண்டது. சிம்பன்சியின் வரிசை நம்முடையதிலிருந்து ஓர் எழுத்துகூட மாறவில்லை. ரீசஸ் குரங்கோடு ஒரே வேற்றுமை. குதிரையோடு 12. உறவு விலக விலக வேற்றுமை ஏறுகிறது. சங்க நூல்களைப் பதிப்பித்தவர்கள் செய்த வேலையோடு இதை ஒப்பிடலாம். பல ஊர்களிலிருந்து கிடைத்த ஏட்டுப் பிரதிகளைப் பக்கத்தில் வைத்து, பாடபேதங்களைக் குறித்து, எந்தப் பிரதி எதிலிருந்து படியெடுக்கப்பட்டது, மூலப் பாடம் என்னவாக இருந்திருக்கும் என்று அவர்கள் ஊகித்தார்கள். டேஹாஃபும் எக்கும் அதைப் புரதங்களுக்குச் செய்தார்கள். ஊகத்தைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தார்கள். மிகக் குறைந்த மாற்றங்களால் எல்லா வரிசைகளையும் விளக்கும் கிளைப்படத்தைத் தேடும் நிரலை எழுதி, 1966 பதிப்பில் அப்படிப்பட்ட பரிணாம மரங்களை வெளியிட்டார்கள். எலும்பும் புதைபடிவமும் இல்லாமல், வெறும் எழுத்துச் சரங்களிலிருந்து உயிர்களின் உறவுமுறையைக் கணிப்பொறி வரைந்த முதல் முயற்சிகளில் அது ஒன்று.

அதே 1966-ல் 'சயன்ஸ்' இதழில் இருவரும் ஃபெரெடாக்சின் பற்றி எழுதிய கட்டுரை இன்னும் பின்னோக்கிப் பாய்ந்தது. ஒரு பாக்டீரியாவின் ஃபெரெடாக்சினில் 55 அமிலங்கள். அதன் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒன்றையொன்று ஒத்திருந்தன. அப்படியானால் ஒரு சிறிய மூதாதைப் புரதம் இரட்டித்து இது உருவாகியிருக்க வேண்டும். அந்த மூதாதையும் அதைவிடச் சிறிய, சில அமிலங்களே மீண்டும் மீண்டும் வந்த துண்டிலிருந்து வளர்ந்திருக்கலாம் என்றார்கள். உயிரின் தொடக்கம் பற்றிய இந்த ஆர்வம் அவரிடம் கடைசிவரை இருந்தது. உயிர் தோன்றும் முன்பிருந்த வளிமண்டலத்தில் எந்தெந்த மூலக்கூறுகள் நிலைத்திருக்கும் என்று 1964-ல் கணக்கிட்டார். 1967-ல் கார்ல் சேகன் உள்ளிட்டோருடன் சேர்ந்து கோள்களின் வளிமண்டலங்களுக்கும் அதே கணக்கைச் செய்தார்.

ஆனால் அவருடைய ஆழமான பங்களிப்பு என்று நான் கருதுவது 1978-ல் வந்த 'பேம்' அட்டவணை. ராபர்ட் ஷ்வார்ட்ஸ், புரூஸ் ஆர்கட் ஆகியோருடன் செய்தது. கேள்வி எளிமையானது. இரண்டு புரதங்களை ஒப்பிடும்போது ஓரிடத்தில் எழுத்து வேறுபட்டால் அதை எவ்வளவு பொருட்படுத்துவது? எல்லா வேற்றுமைகளையும் ஒரே கணக்கில் சேர்ப்பது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். வேலினும் ஐசோலூசினும் அளவிலும் குணத்திலும் நெருங்கியவை. ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்தால் புரதம் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். டிரிப்டோஃபான் இருக்க வேண்டிய இடத்தில் கிளைசின் வந்தால் அநேகமாகத் தாங்காது. இதை வேதியியல் அறிவை வைத்து ஊகித்து மதிப்பெண் போடலாம். டேஹாஃப் அப்படிச் செய்யவில்லை. பரிணாமம் எதை அனுமதித்தது என்பதைப் பரிணாமத்திடமே கேட்டார்.

கேட்ட முறை இது. தொகுப்பிலிருந்து, குறைந்தது 85 விழுக்காடு ஒத்த நெருங்கிய உறவுப் புரதங்களை மட்டும் எடுத்தார். இவ்வளவு நெருங்கியவற்றில் ஒரே இடத்தில் இரண்டு முறை மாற்றம் நிகழ்ந்திருக்க வாய்ப்புக் குறைவு. அப்படி 71 குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் பரிணாம மரம் வரைந்து, எந்த அமிலம் எதுவாக மாறியது என்று எண்ணினார். மொத்தம் 1572 மாற்றங்கள். ஒவ்வொன்றும் இயற்கைத் தேர்வில் தப்பிப் பிழைத்த மாற்றம் என்பதுதான் இதன் உயிர்நாடி. தீமை செய்த மாற்றங்கள் அந்த உயிரோடு அழிந்துபோயிருக்கும். அவை தொகுப்பில் இருக்காது. இந்த எண்ணிக்கையிலிருந்து, நூறு இடங்களுக்கு ஒரு மாற்றம் நிகழும் கால அளவுக்கான நிகழ்தகவு அட்டவணை ஒன்றை அமைத்தார். அதையே அதனால் மீண்டும் மீண்டும் பெருக்கினால் நீண்ட காலத்துக்கான அட்டவணை கிடைக்கும். 250 முறை பெருக்கியதுதான் புகழ்பெற்ற பேம்-250. நூறு இடங்களுக்கு 250 மாற்றங்கள் நிகழ்ந்தாலும் ஏறத்தாழ 20 விழுக்காடு இடங்கள் இன்னும் ஒத்திருக்கும். சில இடங்கள் பலமுறை மாறுகின்றன, சில மாறிவிட்டுப் பழைய எழுத்துக்கே திரும்புகின்றன, சில அசைவதே இல்லை.

அட்டவணையின் எண்களைச் சற்று உற்றுப் பார்க்கலாம். இரண்டு வரிசையிலும் ஒரே இடத்தில் டிரிப்டோஃபான் நின்றால் 17 மதிப்பெண். தற்செயலாக நேர்வதைவிட உறவுப் புரதங்களில் அது ஐம்பது மடங்கு அதிகம் என்று பொருள். வேலினுக்கு எதிரே ஐசோலூசின் நின்றால், எழுத்து வேறாக இருந்தும் 4 மதிப்பெண். த்ரியோனினுக்கு எதிரே அலனின் நின்றால் 1. டிரிப்டோஃபானுக்கு எதிரே சிஸ்டீன் நின்றால் மைனஸ் 8. நமக்கும் மாட்டுக்கும் இன்சுலினின் சிறிய சங்கிலியில் இருக்கும் இரண்டு வேற்றுமைகளும் இந்த அட்டவணைப்படி நேர்மதிப்பெண் பெறுபவை. உறவுக்கு எதிரான சாட்சியே அல்ல. எந்த அமிலம் எவ்வளவு எளிதில் மாறும் என்பதையும் அவர் அளந்தார். அலனினை 100 என்று வைத்தால் அஸ்பராஜின் 134, சிஸ்டீன் 20, டிரிப்டோஃபான் 18. கட்டடத்தின் தாங்குதூண் எது, மாற்றிக்கொள்ளக்கூடிய பலகை எது என்று புரத வேதியியலாளர் பல ஆண்டு அனுபவத்தில் உணர்ந்ததை இந்த எண்கள் முதல்முறையாக அளவாகச் சொல்லின.

குறைகளும் உண்டு. அன்றைய தொகுப்பு சிறியது. சில அமிலச் சோடிகளுக்கிடையே ஒரு மாற்றம்கூடக் கண்ணில் படவில்லை. நெருங்கிய உறவுகளில் எண்ணியதைப் பெருக்கித் தொலைதூர உறவுகளுக்கு நீட்டுவதில், தொடக்கத்துச் சிறு பிழையும் பெருகும். புரதத்தின் எல்லா இடங்களும் ஒரே விதியில் மாறுகின்றன என்ற அனுமானமும் உண்மையல்ல. 1992-ல் ஸ்டீவன் ஹெனிகாஃபும் ஜோர்ஜா ஹெனிகாஃபும் தொலைதூர உறவுப் புரதங்களையே நேரடியாக எண்ணி 'புளோசம்' அட்டவணைகளை உருவாக்கினார்கள். பெரும்பாலான தேடல்களில் இன்று அதுவே புழங்குகிறது. ஆனால் கேள்வியைக் கேட்ட விதம் மாறவில்லை. உண்மையான மாற்றங்களை எண்ணு, தற்செயலோடு ஒப்பிடு, விகிதத்தின் மடக்கையை மதிப்பெண்ணாக்கு என்ற அந்த வழி டேஹாஃபுடையது. இத்தனை செல்வாக்குள்ள ஆய்வு எந்த ஆய்விதழிலும் வரவில்லை. அட்லஸின் ஐந்தாம் தொகுதியின் மூன்றாவது இணைப்பில் ஓர் அத்தியாயமாக வந்தது. சேகரித்தவருக்கே அந்தக் கேள்வி தோன்றியது. சேகரிப்பு இல்லாமல் அதற்கு விடையும் இல்லை.

ஒப்பீட்டின் பலன் மருத்துவத்தைத் தொட்ட ஒரு நிகழ்வு 1982-ல். கோழிகளில் புற்றுநோயை உண்டாக்கும் ரவுஸ் வைரஸில் 'சார்க்' என்ற மரபணு உண்டு. அதன் புரதம் மற்றப் புரதங்களின் மேல் பாஸ்பேட் ஒட்டுகிறது என்று சோதனைக்கூடங்கள் ஏற்கெனவே கண்டிருந்தன. வினோனா பார்க்கரும் டேஹாஃபும் அதன் வரிசையை, பாலூட்டிகளின் உடலில் இயல்பாகவே பாஸ்பேட் ஒட்டும் ஒரு நொதியின் வரிசையோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்று காட்டினார்கள். புற்றுநோய் மரபணு எங்கிருந்தோ வந்த அந்நியன் அல்ல, உயிரணுவின் சொந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது வரிசையிலேயே எழுதப்பட்டிருந்தது. ஒரே மூதாதையின் புரதங்களைக் குடும்பங்களாகவும் பெருங்குடும்பங்களாகவும் பிரிக்கும் முறையை அவர் 1970களிலேயே வகுத்திருந்தார். அந்த வகுப்பின் பயன் இங்கே தெரிந்தது.

இனி அவர் தோற்ற இடம். 1977-ல் டி.என்.ஏ. வரிசையை வேகமாகப் படிக்கும் முறைகளை ஒருபுறம் சாங்கரும், மறுபுறம் மாக்சமும் கில்பர்ட்டும் வெளியிட்டார்கள். அதுவரை சொட்டுச் சொட்டாக வந்த வரிசைகள் வெள்ளமாக வரத் தொடங்கின. அரசுச் செலவில் ஒரு மையத் தரவுத்தளம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. டேஹாஃப் நியூக்ளிக் அமில வரிசைகளையும் சேகரித்துக்கொண்டிருந்தார். 1980-ல் தொலைபேசி இணைப்பு வழியாகத் தொலைவிலிருந்து கணிப்பொறியில் தேடும் வசதியையும் தந்திருந்தார். தகுதி, அனுபவம், கையில் தொகுப்பு எல்லாமே அவரிடம் இருந்தன. ஆனால் 1982-ல் ஜென்பேங்க் என்ற அந்தத் தரவுத்தளத்துக்கான ஒப்பந்தம் போல்ட் பெரானெக் நியூமன் நிறுவனத்துக்கும், வால்டர் கோட் தலைமையிலான லாஸ் அலமாஸ் குழுவுக்கும் போனது.

ஏன் என்பதை அறிவியல் வரலாற்றாளர் புரூனோ ஸ்டிராசர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அறக்கட்டளை ஓர் இலாப நோக்கற்ற சிறு நிறுவனம். சேகரிப்புக்கு நிலையான அரசு நிதி கிடைப்பதில் எப்போதும் இழுபறி. ஆகவே அட்லஸை விற்றார்கள், காந்த நாடாவில் தரவை விற்றார்கள்; வாங்கியவர் அதை மறுவிநியோகம் செய்யக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். டேஹாஃபின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது நியாயமே. திருத்தி, சரிபார்த்து, வகைப்படுத்திய தொகுப்பு ஒரு படைப்பு. அதைக் காப்பாற்றப் பணம் வேண்டும். வரிசையைக் கண்டுபிடித்த ஆய்வாளர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால், தாங்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் படித்த வரிசை வேறொருவர் பெயரில் விலைக்குப் போகிறது. வெளியிடாத வரிசையை அனுப்பிவைக்கப் பலரும் தயங்கினார்கள். லாஸ் அலமாஸ் குழு தரவுக்கு எந்த உரிமையும் கோரவில்லை. கணிப்பொறி வலைப்பின்னல் வழியாக எல்லோருக்கும் திறந்துவிடுவதாகச் சொன்னது.

அந்த முடிவு சரியானது என்றே நான் நினைக்கிறேன். ஒருவருக்குச் சொந்தமான தொகுப்பாக இருந்திருந்தால், பின்னாளில் மனித மரபணுத்தொகுதித் திட்டம் நடந்த விதத்தில் நடந்திருக்காது. படித்த வரிசையை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைக்க வேண்டும் என்று 1996-ல் பெர்முடாவில் விஞ்ஞானிகள் எடுத்த உறுதிமொழிக்கு, தரவு பொதுச் சொத்து என்ற எண்ணமே அடித்தளம். ஆனால் டேஹாஃபைத் தரவைப் பூட்டிவைத்தவர் என்று சுருக்கிவிடுவது அநியாயம். சேகரிப்பை ஆராய்ச்சியாக மதித்து நிதி கொடுத்திருந்தால் அவருக்கு விற்க வேண்டிய தேவையே வந்திருக்காது. தரவு இலவசமாக இருக்க வேண்டும் என்று கேட்ட அதே அறிவியல் சமூகம், அதைத் தயாரிப்பவரின் சம்பளம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குப் பல ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. திறந்த தரவுத்தளமான ஜென்பேங்கும் முதல் சில ஆண்டுகளில் தேங்கிய வரிசைகளை ஏற்ற முடியாமல் திணறியது. வரிசையை முன்கூட்டியே தரவுத்தளத்தில் சேர்த்தால்தான் கட்டுரை ஏற்கப்படும் என்று ஆய்விதழ்கள் விதி போட்ட பிறகுதான் சமாளித்தது.

ஒப்பந்தம் கைநழுவிய சில மாதங்களில், 1983 பிப்ரவரி 5 அன்று மாரடைப்பால் டேஹாஃப் இறந்தார். வயது 57. உயிர் இயற்பியல் கழகத்தின் செயலராகவும் பிறகு தலைவராகவும் இருந்தவர். அந்தக் கழகத்தில் பொறுப்பு வகித்த முதல் பெண் அவர். தொடக்க நிலையில் உள்ள பெண் ஆய்வாளர்களுக்குக் கழகம் அவர் பெயரில் விருது அளித்துவருகிறது. புரதத் தொகுப்பை நிலைநிறுத்த அவர் கடைசி நாள்களில் முயன்றுகொண்டிருந்த திட்டத்தைச் சகாக்கள் முன்னெடுத்தார்கள். 1984-ல் புரதத் தகவல் வளம் என்ற நிறுவனமாக அது உருப்பெற்றது. ஜெனீவாவில் அமோஸ் பைரோக் 1986-ல் தொடங்கிய சுவிஸ்-புராட் தரவுத்தளமும் அந்தத் தொகுப்பின் வரிசைகளை எடுத்து மறுவடிவம் கொடுத்ததிலிருந்து வளர்ந்ததுதான். 2002-ல் இந்த இரண்டும் ஐரோப்பிய நிறுவனமொன்றின் தொகுப்பும் சேர்ந்து யூனிபுராட் ஆயின. 2022-ல் டீப்மைண்டின் ஆல்ஃபாஃபோல்ட் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் வடிவக் கணிப்புகளை வெளியிட்டது. அந்தப் புரதங்களின் வரிசைகள் யூனிபுராட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்த நிரல் ஒரு புரதத்தின் வடிவைக் கணிக்கும்முன் செய்யும் முதல் வேலையும், அதன் உறவுப் புரதங்களைத் தேடிப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவதுதான். 2024-ல் அந்த ஆய்வுக்கு வேதியியல் நோபல் பரிசின் ஒரு பகுதி கிடைத்தது. தொகுத்தவர்களுக்கு அப்படிப்பட்ட பரிசு எதுவும் இல்லை.

ஆகவே ஆய்வு மாணவர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பொதுத் தரவுத்தளத்திலிருந்து ஒரு வரிசையை எடுத்தால், எந்தத் தொகுப்பு, எந்தப் பதிப்பு, எந்தப் பதிவு எண் என்பதை ஆய்வுமுறைப் பகுதியில் எழுதுங்கள். அந்தத் தொகுப்பைப் பராமரிப்பவர்களின் கட்டுரையை மேற்கோள் பட்டியலில் சேருங்கள். தேர்வுக் குழுக்களில் உட்காருகிறவர்கள், ஒரு தரவுத்தளத்தைத் திருத்திப் பராமரிப்பதில் ஐந்தாண்டு செலவிட்ட இளைஞரின் விண்ணப்பம் வந்தால், கட்டுரை எண்ணிக்கை குறைவு என்று ஒதுக்கிவிடாமல் அந்தத் தரவுத்தளத்தைத் திறந்து பார்த்த பிறகு முடிவெடுங்கள்.